படைமுகாமில் ஒரு பாடப்புத்தகம்

துப்பாக்கி பிடித்த கைக்குப் பேனா எதற்கு? இப்படிக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படிப்பு ஏறாதவன்தான் பட்டாளத்துக்குப் போவான் என்ற பேச்சும் நம்மவரிடையே உண்டு. ஆனால், வரலாறு சொல்லும் செய்தி வேறு. அதைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜொகூர் மண்ணிலிருந்தே தொடங்கலாம்.

மூவாரிலிருந்து சாங்கிக்கு

1942 ஜனவரி. ஜொகூரைக் காக்கும் பொறுப்பு ஆஸ்திரேலியாவின் 8ஆவது டிவிஷனிடமும் இந்தியப் படைப்பிரிவுகளிடமும் இருந்தது. மூவார் ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்ட 45ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவில் பெரும்பாலோர் போதிய பயிற்சி பெறாத இளைஞர்கள். ஜப்பானியத் தாக்குதலில் அந்தப் பிரிவு சிதைந்தது. ஜனவரி 31ஆம் தேதி, எஞ்சிய படைகள் ஜொகூர் பாலத்தைக் கடந்து, அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் ஒதுங்கின. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

இந்திய வீரர்கள் ஃபேரர் பார்க் திடலில் தனியே பிரிக்கப்பட்டார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். பசியும் நோயும் சூழ்ந்த அந்தச் சிறைமுகாமில், சில வாரங்களுக்குள் வகுப்புகள் தொடங்கின. கைதிகளே அதற்கு வைத்த பெயர் ‘சாங்கி பல்கலைக்கழகம்’. கிடைத்த புத்தகங்களைத் திரட்டி நூலகம் அமைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்க்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மொழிகள், சட்டம், வேளாண்மை என்று பாடங்கள் நடந்தன. சட்டம் கற்பித்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலிய அதிகாரி அட்ரியன் கர்லூவிஸ். போருக்குப் பிறகு அவர் நீதிபதியானார்.

அந்தப் பள்ளி நீடிக்கவில்லை. அதே 1942 மே மாதம் முதல் கைதிகள் கூட்டங்கூட்டமாக பர்மா - சயாம் ரயில்பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களும் ஆயிரமாயிரமாக மடிந்தார்கள்.

நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாத நிலையிலும் மனிதன் பாடம் கேட்டான். ஊர் திரும்பினால் பிழைக்க ஒரு வழி வேண்டுமே என்ற கவலை அவனுக்கு இருந்தது. அந்தக் கவலை இன்றைய படைவீரனுக்கும் உண்டு.

தபாலில் வந்த பாடம்

இருக்கும் இடத்துக்கே பாடத்தை அனுப்பும் முறை புதியதல்ல. 1840இல் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் தபால் வழியே சுருக்கெழுத்து கற்பித்தார். 1858இல் லண்டன் பல்கலைக்கழகம், தன் கல்லூரிகளுக்கு வராதவர்களும் தேர்வு எழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானிய முகாம்களில் அடைபட்டிருந்த பிரிட்டிஷ் வீரர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகப் பாடநூல்கள் போய்ச் சேர்ந்தன; தேர்வுகளும் நடந்தன.

அமெரிக்கா 1942இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் படைவீரர்களுக்கென்றே ஒரு தபால்வழிக் கல்வி நிலையம் தொடங்கியது. 1974 வரை அது இயங்கியது. பள்ளிப்படிப்பை முடிக்காமல் படைக்குப் போனவரின் அறிவை அளக்க அக்காலத்தில் உருவான தேர்வுதான், இன்று அமெரிக்காவில் பொதுமக்களும் எழுதும் ‘ஜி.இ.டி.’ தேர்வு. எங்கே படித்தாய் என்று கேட்பதைவிட என்ன தெரியும் என்று கேட்பதே நியாயம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது.

இந்தியாவில் 1985இல் பிறந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முப்படையினருக்கும் தனித்தனி மண்டல மையங்களை அமைத்தது.

நம் நாட்டில்

மலேசியாவில் தொலைதூரக் கல்விக்கு வித்திட்டது பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். ஆண்டு 1971. இராணுவக் கல்வியில் ஜொகூருக்கும் ஒரு பங்கு உண்டு. 1995இல் இராணுவக் கல்விக்கழகம் தொடங்கியபோது அதற்குத் துணைநின்றது, ஸ்கூடாயில் தலைமை வளாகம் கொண்ட மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 2006இல் அந்தக் கழகம் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

ஆனால், அந்த ஏற்பாடு முதன்மையாக அதிகாரிகளாகப் போகிறவர்களுக்கு. சாதாரணப் படைவீரரின் நிலை என்ன? 18 வயதில் சேர்ந்து, ஓய்வூதியத்துக்குரிய 21 ஆண்டுகளை முடித்து வெளியே வரும்போது அவருக்கு 39 வயது. பிள்ளைகள் இன்னும் பள்ளியில் இருப்பார்கள். கையில் எஸ்.பி.எம். சான்றிதழ் மட்டும் இருக்கும். இயந்திரம் பழுதுபார்த்தவர், தொலைத்தொடர்பு இயக்கியவர், முப்பது பேரை வழிநடத்தியவர், வேலை தேடிப் போகும் இடத்தில் “டிப்ளோமா இருக்கிறதா?” என்ற ஒரே கேள்வியில் தடுக்கி நின்றுவிடுகிறார்.

உலு திராமில் காட்டுப் பயிற்சியில் இருப்பவரோ, குளுவாங் முகாமில் பணிமுறை பார்ப்பவரோ, லெபனானில் ஐ.நா. அமைதிப்படையில் சேவையாற்றுபவரோ தினமும் வகுப்பறையில் போய் உட்கார முடியாது. அவர்களுக்குப் பொருந்துவது தொலைதூரக் கல்விதான். 2000இல் அமைக்கப்பட்டு, மறு ஆண்டு வகுப்புகளைத் தொடங்கிய மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதற்கு வழியை அகலமாக்கியது. இன்னொரு வாசல் ‘அப்பெல்’ எனப்படும் முன்னனுபவ மதிப்பீடு. 20 வயதைக் கடந்தவர், வழக்கமான கல்வித் தகுதி குறைவாக இருந்தாலும், தம் பணி அனுபவத்தை நிரூபித்து டிப்ளோமா படிப்பில் சேர விண்ணப்பிக்கலாம். 1942இல் அமெரிக்கா கேட்ட அதே கேள்விதான் இது: உனக்கு என்ன தெரியும்?

செய்ய வேண்டியவை

வாசல் திறந்திருந்தாலும் உள்ளே நடப்பது எளிதல்ல. ஒப்படைப்பு நாளும் படைப்பயிற்சி நாளும் ஒன்றாக வரும். காட்டில் இணையம் கிடைக்காது. ஆசிரியர் அருகில் இல்லாததால் பாதியில் விட்டுவிடுபவர்களும் உண்டு. எனவே பணி ஓய்வுக்கு முந்திய கடைசி ஆண்டு வரை காத்திருக்கக் கூடாது. பத்தாவது, பன்னிரண்டாவது ஆண்டிலேயே தொடங்கினால், ஒரு பருவம் தவறினாலும் ஈடுகட்ட நேரம் இருக்கும். படையில் முடித்த ஒவ்வொரு பயிற்சியின் சான்றிதழையும் பத்திரப்படுத்த வேண்டும். முன்னனுபவ மதிப்பீட்டில் அவையே சாட்சி. பணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்பு மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ளதா என்று பார்த்துக்கொள்வது மிக அவசியம்.

குடும்பத்துக்கும் கடமை உண்டு. விடுமுறையில் வீட்டுக்கு வரும் மகனிடம் “கல்யாணம் எப்போது?” என்று கேட்கும் பெற்றோர், “படிப்பு எதுவரை வந்திருக்கிறது தம்பி?” என்றும் கேட்கலாம்.

சாங்கி முகாமில் பாடம் கேட்டவனுக்குத் தபால்கூட ஒழுங்காக வரவில்லை. இன்று பாடம் கைப்பேசியிலேயே வருகிறது. 21 ஆண்டுகள் நாட்டைக் காத்தவர், 22ஆவது ஆண்டில் தம் குடும்பத்தையும் தலைநிமிர்ந்து காக்க வேண்டுமென்றால், படைமுகாமின் பெட்டியில் சீருடையோடு ஒரு பாடப்புத்தகமும் இருக்கட்டும்.