புது வாத்தை வாங்கினதும் பட்டியில விட்டுடலாமா? டெல்டாவில் வாத்து வளர்ப்போர் கவனிக்க வேண்டியது என்ன?

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பகுதிகளில் குறுவை, சம்பா அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டம் இறங்கி மேய்வது வழக்கமான காட்சி. சிந்திக்கிடக்கும் நெல், நத்தை, புழு பூச்சி என எல்லாமே அவற்றுக்குத் தீனி. தீவனச் செலவு குறையும் என்பதால் இந்த நேரத்தில்தான் பலர் புதிதாக வாத்து வாங்கி, இருக்கிற கூட்டத்தோடு சேர்க்கிறார்கள்.

சந்தையில் வாங்கி, வண்டியில் ஏற்றி, அன்று சாயங்காலமே பட்டிக்குள் திறந்துவிடுவதில்தான் சிக்கல். 200 வாத்து இருக்கும் பட்டியில் 10 புது வாத்தைச் சேர்த்தால், ஆபத்து அந்த 10-க்கு மட்டும் இல்லை, மொத்தம் 210-க்கும்தான்.

என்ன ஆபத்து?

முதல் பயம் வாத்து பிளேக். இது ஹெர்பீஸ் வகை வைரஸால் வரும் நோய். கிருமி தொற்றி பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் அறிகுறி தெரியும். சோர்வு, கண்ணில் நீர் வடிதல், வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குதல், பச்சை நிறக் கழிச்சல், நிற்க முடியாமல் சாய்தல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். சில வாத்துகள் எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென செத்துவிழும். நோயிலிருந்து பிழைத்த வாத்தின் உடலிலும் வைரஸ் நீண்ட நாள் ஒளிந்திருக்கும். அதனால், பார்க்க நல்லா இருக்கிற வாத்தும் நோயைக் கொண்டுவரலாம்.

அடுத்தது பறவைக் காய்ச்சல். கேரளாவின் ஆலப்புழா பகுதியில் 2014, 2021, 2024 ஆண்டுகளில் வாத்துகளிடம் இது உறுதியானது. பாதித்த இடத்தைச் சுற்றி 1 கி.மீ. வரை இருந்த வளர்ப்புப் பறவைகள் அழிக்கப்பட்டன. கோழியைப் போல இல்லாமல், வாத்து சில நேரம் அறிகுறி காட்டாமலே இந்த வைரஸைச் சுமக்கும்.

எத்தனை நாள் தனியே வைக்கணும்?

குறைந்தது 2 வாரம். முடிந்தால் 30 நாள் வைப்பது இன்னும் பாதுகாப்பு.

டெல்டாவில் இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது, அது தண்ணீர். வாத்து பிளேக் தண்ணீர் வழியாகவும் பரவும். புது வாத்தைத் தனிக் கொட்டகையில் வைத்துவிட்டு, இரண்டு கூட்டத்தையும் ஒரே வாய்க்காலில், ஒரே குட்டையில் விட்டால் தனியே வைத்ததற்கு அர்த்தமே இல்லை. தனிமை நாட்களில் புது வாத்துக்குத் தொட்டியில் தண்ணீர் கொடுப்பதே நல்லது. அலகு, கண் முழுக நனையும்படி 5 முதல் 6 அங்குல ஆழம் இருந்தால் போதும். அந்தத் தண்ணீரைப் பழைய கூட்டம் மேயும் பக்கம் வடியவிடக் கூடாது.

தினமும் பழைய கூட்டத்துக்குத் தீனி வைத்து முடித்த பிறகே புது வாத்திடம் போக வேண்டும். வாளி, தட்டு, செருப்பு எல்லாம் தனித்தனி.

தடுப்பூசி போட்டாச்சுன்னா போதுமா?

போதாது. வாத்து பிளேக் தடுப்பூசி வழக்கமாக 8 முதல் 12 வார வயதில் போடப்படுகிறது. அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை. ஊசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. எனவே விற்றவர் 'போட்டாச்சு' என்று சொன்னாலும், எப்போது போட்டது என்று கேட்க வேண்டும். பழைய கூட்டத்துக்குப் போட்டு ஒரு வருடம் ஆகிவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படிச் சேர்க்கணும்?

* தனிமைக் காலம் முடிந்ததும் ஒரு வாரம் வலைத் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விடலாம். பார்த்துப் பழகட்டும்.

* ஒற்றை வாத்தைச் சேர்க்க வேண்டாம். இரண்டு, மூன்றாகச் சேர்த்தால் ஒன்றையே குறிவைத்துத் துரத்துவது குறையும்.

* முதல் சந்திப்பு திறந்த வயலில் இருக்கட்டும். குறுகிய கொட்டகையில் துரத்தினால் ஓட வழி இருக்காது.

* தீனித் தட்டு, தண்ணீர்த் தொட்டி இரண்டையும் கூடுதலாக, தள்ளித் தள்ளி வைக்க வேண்டும்.

* இரவுக் கொட்டகையில் ஒரு வாத்துக்கு சுமார் 3 சதுர அடி இடம் தேவை.

* குஞ்சுகளைப் பெரிய வாத்துகளுடன் விடக் கூடாது. இறகு முளைத்து, ஓரளவு அதே அளவுக்கு வளர்ந்த பிறகு சேர்க்கலாம்.

* மேய்ச்சலுக்குப் போகும் கூட்டம் என்றால் புது வாத்தின் காலில் நிற வளையம் போடலாம். மேய்ப்பவர் குரல் அதற்குப் பழகியிருக்காது, பக்கத்துக் கூட்டத்தோடு போய்விடும்.

சண்டை போட்டா பிரிக்கணுமா?

துரத்துவது, கழுத்தைக் கொத்துவது, இறக்கையால் அடிப்பது ஆகியவை முதல் சில நாள் சகஜம். கூட்டத்தில் யார் பெரியவர் என்று முடிவானதும் அடங்கிவிடும். ஆனால் ரத்தம் வந்தாலோ, புது வாத்தைத் தீனியிடமே நெருங்கவிடாவிட்டாலோ உடனே பிரிக்க வேண்டும்.

ஆண் வாத்து அதிகமாகிவிட்டாலும் பெட்டைகளுக்குத் தொல்லைதான். வால் நுனியில் சுருண்ட இறகும், கரகரத்த மெல்லிய குரலும் இருந்தால் அது ஆண். சத்தமாகக் கத்துவது பெட்டை. 5 அல்லது 6 பெட்டைக்கு ஒரு ஆண் போதும். மணிலா வாத்து ஆண் உடல் பெருத்தது என்பதால் நாட்டு வாத்தோடு விடும்போது கூடுதல் கவனம் தேவை. இந்த இரண்டும் சேர்ந்து பிறக்கும் வாத்துகளுக்கு இனப்பெருக்கத் திறன் இருக்காது.

சேர்த்த சில நாள் முட்டை குறையலாம். இடமாற்றமும் பயமும்தான் காரணம். முட்டை குறைவதோடு கழிச்சலும் சோர்வும் சேர்ந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

செத்துப்போனா என்ன செய்யணும்?

ஒரே நேரத்தில் பல வாத்துகள் செத்தால் வெறுங்கையால் தொட வேண்டாம், வாய்க்காலில் வீச வேண்டாம், மீதியை அவசரமாக விற்கவும் வேண்டாம். மூன்றுமே நோயை அடுத்த ஊருக்கு அனுப்பும் வழிகள். அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் உடனே சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.