துவிச்சக்கரவண்டியும் தலைக்கவசமும்: கல்முனைக் கரையிலிருந்து சில குறிப்புகள்

கல்முனைப் பிரதேசத்தில் "ஹெல்மட்" என்றால் எவருக்கும் நினைவுக்கு வருவது மோட்டார் சைக்கிள்தான். பொலிஸார் மறித்துவிடுவார்களே என்ற அச்சத்தில் அணியப்படும் ஒரு பொருளாகவே அது நம்மவர்களிடம் அறிமுகமானது. துவிச்சக்கரவண்டியில் செல்பவர் தலைக்கவசம் அணிந்து வந்தால், வெளிநாட்டிலிருந்து வந்த உல்லாசப் பிரயாணி என்றோ ஓட்டப்போட்டிக்குப் பயிற்சி பெறுபவர் என்றோதான் ஊரார் எண்ணுவர்.

ஆனால் 2022 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இக்கேள்வி என்னிடம் பலமுறை கேட்கப்பட்டுள்ளது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவானது. அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கான விற்பனையும் இரு வாரங்களுக்கு நிறுத்தப்பட்டது. பின்னர் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றரே கிடைத்தது. வீட்டின் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் அப்போதுதான் மீண்டும் வீதிக்கு வந்தன. ஆசிரியர்களும் அலுவலக உத்தியோகத்தர்களும் இருபது, முப்பது வருடங்களுக்குப் பின்னர் மிதிக்கத் தொடங்கினர். மெல்பேர்னில் வாழும் மகன் "தலைக்கவசம் இல்லாமல் போகாதீங்க வாப்பா" என்கின்றார். ஐரோப்பாவில் வாழும் மருமகனோ "இங்கு யாரும் போடுவதில்லை மாமா" என்கின்றார். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கின்றது. அவ்வுண்மைகள் எங்கிருந்து பிறந்தன என்பதை அறிந்தால்தான் நாம் ஒரு முடிவுக்கு வரலாம்.

வெற்றுத் தலையுடன் ஒரு நூற்றாண்டு

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையிலான இக்கரையோரம் துவிச்சக்கரவண்டிக்கென்றே படைக்கப்பட்ட நிலம் எனலாம். ஏற்ற இறக்கம் இல்லை. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே நெருக்கமான ஊர்கள். விவசாயி மண்வெட்டியைச் சட்டத்தில் கட்டிக்கொண்டு சம்மாந்துறை வயல்வெளிக்குச் சென்றதும், மருதமுனை நெசவாளர் சாரன் கட்டுகளைப் பின் கரியரில் ஏற்றிச் சென்றதும், மீன் வியாபாரி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்தபடி ஒழுங்கைகளுக்குள் நுழைந்ததும் இவ்வாகனத்தில்தான். ரலி, ஹம்பர் முதலிய ஆங்கிலேய வண்டிகளின் காலம் போய் லுமாலா வந்தது. சுனாமிக்குப் பின்னர் உதவி நிறுவனங்கள் வழங்கிய சைக்கிள்களும் வந்து சேர்ந்தன.

அக்காலத்தில் சட்டம் சைக்கிள்காரரைச் சும்மா விட்டுவிடவில்லை. உள்ளூராட்சி மன்றத்தில் வருடாந்த அனுமதித் தகடு பெற வேண்டும், மணி இருக்க வேண்டும், இரவில் விளக்கு எரிய வேண்டும், சட்டத்தில் இன்னொருவரை ஏற்றிச் செல்லக்கூடாது. "டபிள்ஸ்" போய்ப் பிடிபட்டுத் தண்டம் கட்டியவர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். வண்டிக்கு இத்தனை விதிகள் இருந்தும் ஓட்டுபவரின் தலையைப் பற்றி ஒரு விதியும் இருக்கவில்லை. இன்றும் இலங்கையில் தலைக்கவசக் கட்டாயம் மோட்டார் சைக்கிளுக்குத்தான், மிதிவண்டிக்கு இல்லை.

தலைமேல் இருப்பதும் அரசின் கையும்

தலையில் என்ன அணிவது என்பது இந்நாட்டு முஸ்லிம்களுக்குப் பழைய வழக்கு. 1905 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சட்டத்தரணி எம்.சி.அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது பிரதம நீதியரசர் லேயார்ட் அதனை ஆட்சேபித்தார். ஐ.எல்.எம்.அப்துல் அஸீஸ் முதலியோர் முன்னின்று இயக்கம் நடத்தினர். அவ்வருடம் டிசம்பர் 31 ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் கூடிய பெருங்கூட்டம் இலங்கை முஸ்லிம்களின் அரசியல் விழிப்பின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. ஈற்றில் தொப்பியுடன் வழக்காடும் உரிமை கிடைத்தது.

தலைக்கவசத்தின் வரலாற்றிலும் இத்தகைய அத்தியாயம் உண்டு. பிரித்தானியா 1973 இல் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தலைப்பாகையை நீக்க மறுத்த சீக்கியர்கள் போராடி 1976 இல் விலக்குப் பெற்றனர். இலங்கையிலோ நிலைமை தலைகீழானது. 2015 ஆம் ஆண்டு முகத்தை முழுதாக மறைக்கும் தலைக்கவசங்கள் குற்றச்செயல்களுக்கு உதவுகின்றன எனக் கூறிப் பொலிஸார் அவற்றைத் தடைசெய்ய முற்பட்டனர். நீதிமன்றம் அத்தடையை இடைநிறுத்தியது. அணியாவிட்டால் குற்றம், முழுதாக அணிந்தாலும் குற்றம் என்ற நிலை அன்று ஏற்படவிருந்தது. தலைமேல் இருக்கும் பொருள் பாதுகாப்புச் சாதனமாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்காகவே இவற்றை இங்கு நினைவூட்டுகின்றேன்.

ஒரு வைத்தியரும் ஏழு நோயாளிகளும்

தலைக்கவசத்தின் விஞ்ஞானம் ஒரு மரணத்திலிருந்து தொடங்குகின்றது. "அரேபியாவின் லோரன்ஸ்" எனப் புகழ்பெற்ற ரி.ஈ.லோரன்ஸ், 1935 மே 13 ஆம் திகதி இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தார். முன்னால் துவிச்சக்கரவண்டிகளில் சென்ற இரு சிறுவர்களைத் தவிர்க்க முற்பட்டு வீசியெறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்களின் பின் இறந்தார்.

அவருக்குச் சிகிச்சையளிக்க அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர் ஹியூ கெயான்ஸ் என்ற நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர். அம்மரணம் அவரை விடவில்லை. உலகப்போர் தொடங்கியதும் இராணுவத் தபால்காரர்கள் இருள் சூழ்ந்த வீதிகளில் மோட்டார் சைக்கிளில் விழுந்து மடிவதை அவர் கண்டார். 1941 இல் அவர் வெளியிட்ட ஆய்வில், தலைக்கவசம் அணிந்து விபத்துக்குள்ளான ஏழு பேரை மட்டுமே அவரால் எடுத்துக்காட்ட முடிந்தது. ஏழு பேரும் உயிர் பிழைத்திருந்தனர். எண்ணிக்கை சிறிதுதான். எனினும் அவ்வாண்டிலேயே இராணுவம் தன் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. சாதாரண மக்களுக்கு அதே சட்டம் வர மேலும் முப்பத்திரண்டு வருடங்கள் சென்றன. அப்போது கெயான்ஸ் உயிருடன் இல்லை.

மிதிவண்டிக்கு வந்த கதை

மிதிவண்டிக்காரருக்கென நுரைப்பஞ்சு வைத்த நவீன தலைக்கவசம் அமெரிக்காவில் 1975 இல் பெல் நிறுவனத்தால் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் ஓட்டப்போட்டி வீரர்கள் தோல்பட்டைகளால் ஆன ஒரு கூட்டையே அணிந்தனர். அவ்வீரர்களும் இலகுவில் இணங்கவில்லை. 1991 இல் பிரான்ஸில் நடைபெற்ற பாரிஸ்-நீஸ் போட்டியில் கட்டாயத்துக்கு எதிராகப் போர்க்கொடி தூக்கினர். அதே போட்டியில் 2003 மார்ச் மாதம் அந்திரேய் கிவிலெவ் என்ற கசகஸ்தான் வீரர் தலையில் அடிபட்டு இறந்த பின்னரே சர்வதேசச் சம்மேளனம் அவ்விதியை நிலைநாட்டியது.

அன்றாடப் பாவனையாளரைச் சட்டத்தால் கட்டிய முதல் இடம் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 1990 ஜூலை முதலாம் திகதி அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரே வருடத்தில் தலைக்கவசம் அணிவோர் நூற்றுக்கு 31 இலிருந்து 75 ஆக உயர்ந்தனர். தலைக் காயங்கள் குறைந்தன. கூடவே இன்னொன்றும் குறைந்தது: மெல்பேர்ன் வீதிகளில் எண்ணப்பட்ட பதின்ம வயதுச் சைக்கிள்காரர்களின் தொகை. தொப்பியை அணிவதைவிடச் சைக்கிளை விடுவது மேல் என அவர்களிற் பலர் எண்ணினர் போலும். காயங்கள் குறைந்தது கவசத்தாலா, ஓட்டுபவர் குறைந்ததாலா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. நியூஸிலாந்து 1994 இல் இச்சட்டத்தைப் பின்பற்றியது. மெக்ஸிகோ நகரம் 2010 இலும், அமெரிக்காவின் சியாற்றில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டி 2022 இலும் தம் சட்டங்களைக் கைவிட்டன. மெல்பேர்ன் மகனின் அறிவுரை பிறந்த இடம் இதுதான்.

நெதர்லாந்தின் பாதை

மருமகனின் கூற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1971 இல் நெதர்லாந்து வீதிகளில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் சிறுவர். அப்படித் தன் மகளை இழந்தவர்களுள் விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளரும் ஒருவர். சிறுவர் கொலையை நிறுத்துங்கள் என்ற பொருளில் 1972 இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு மக்கள் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் பிள்ளைகளுடன் வீதிகளில் இறங்கினர். மறு வருடம் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. விளைவாக, காரிலிருந்து பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதைகளும், வேகம் கட்டுப்படுத்தப்பட்ட குடியிருப்பு வீதிகளும் உருவாயின. அந்நாட்டார் தலைக்கவசம் இன்றிச் செல்வது அலட்சியத்தால் அல்ல. அவர்களது வீதியே அவர்களுக்குக் கவசமாக ஆக்கப்பட்டுள்ளது. அங்கும் அண்மைய ஆண்டுகளில் முதியோரைத் தாமாகத் தலைக்கவசம் அணியும்படி அரசு ஊக்குவித்து வருகின்றது.

கவசம் எதைத் தாங்கும்?

இனி விடயத்துக்கு வருவோம். ஐரோப்பியத் தரத்தின்படி தலைக்கவசம் சோதிக்கப்படுவது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்தில் தட்டையான பரப்பில் மோதவிட்டாகும். அதாவது சைக்கிளிலிருந்து ஒருவர் தானாகத் தரையில் விழும் அடியளவு. அந்நுரை நசுங்கித்தான் அடியை உள்வாங்குகின்றது. ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே கீறல் இல்லாவிடினும் அதன் வேலை முடிந்துவிட்டது. புதிதாக வாங்க வேண்டும்.

காயமடைந்த 64,000 இற்கும் அதிகமான சைக்கிள்காரர்களைப் பற்றிய 40 ஆய்வுகளைத் திரட்டி அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 2016 இல் வெளியிட்ட முடிவின்படி, தலைக்கவசம் அணிந்தோருக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 வீதத்தால் குறைந்திருந்தது. மறுபுறம், 2007 இல் இயன் வோக்கர் என்ற பிரித்தானிய உளவியலாளர் தானே சைக்கிளில் சென்று அளந்தபோது, தலைக்கவசம் அணிந்திருக்கையில் வாகனங்கள் சராசரியாக 8.5 சென்ரிமீற்றர் கூடுதலாக நெருங்கி முந்தின. அக்கணிப்பின் பொருளைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் மறுத்துள்ளனர். அவர் பொய்முடி அணிந்து பெண்போலத் தோன்றியபோது சாரதிகள் அதிக இடம் விட்டனர் என்பது சுவையான செய்தி!

ஆக, விழுந்தபின் தலையைக் காப்பதில் கவசம் பயன் தருகின்றது. வேகமாக வரும் லொறியைத் தடுக்க அதனால் ஆகாது.

நமது வீதி

கல்முனையை ஊடறுத்துச் செல்வது ஏ-4 நெடுஞ்சாலை. யுத்தத்தின் பின்னர் "காபட்" இடப்பட்ட வீதிகளில் வேகம் பெருகிற்று. மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் எனக் கடைகளும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் விளிம்பிலேயே நிற்கும் வீதியில் தூரப் பயணப் பஸ்களும் மணல் ஏற்றிய டிப்பர்களும் விரைகின்றன. சைக்கிளுக்குத் தனிப் பாதை இல்லை. முச்சக்கரவண்டி கண்ட இடத்தில் திரும்புகின்றது. கட்டாக்காலி மாடுகள் இரவில் தாரின் சூட்டுக்காக வீதியிலேயே படுத்துக்கொள்கின்றன.

பல ஆண்டுகள் பத்திரிகையில் பணியாற்றியவன் என்ற வகையில் "துவிச்சக்கரவண்டியில் சென்றவர் பலி" என்ற நான்கு வரிச் செய்திகளை நான் எண்ணற்ற முறை செப்பனிட்டிருக்கின்றேன். மோட்டார் சைக்கிள் விபத்தாயின் தலைக்கவசம் அணிந்திருந்தாரா என்று நிருபர் குறிப்பிடுவார். சைக்கிள் விபத்தில் அக்கேள்வியே எழுவதில்லை. செய்தியில் இல்லாதது மக்கள் மனத்திலும் இருப்பதில்லை. வயலுக்கோ சுபஹுத் தொழுகைக்கோ விடியுமுன் புறப்பட்ட முதியவர்களே அச்செய்திகளில் மீண்டும் மீண்டும் வந்தனர்.

எனது நிலைப்பாடு இதுதான். மிதிவண்டிக்குத் தலைக்கவசத்தைச் சட்டமாக்குவது நம் நாட்டுக்குப் பொருந்தாது. அச்சட்டத்தின் சுமை கூலித் தொழிலாளி மீதும், டியூஷனுக்குச் செல்லும் மாணவி மீதுமே விழும். தண்டப்பணத்துக்கு அஞ்சி ஒரு மாணவி சைக்கிளை விட்டால் அவளது கல்வியும் சேர்ந்து நிற்கக்கூடும்.

ஆனால் சட்டம் இல்லை என்பது அணிய வேண்டாம் என்பதாகாது. ஒழுங்கைக்குள் பள்ளிவாசலுக்கும் கடைக்கும் மெல்லச் செல்பவர் விரும்பியவாறு செய்யட்டும். ஏ-4 இல் ஏறுபவர், இருளில் செல்பவர், அறுபதைத் தாண்டியவர், புதிதாகப் பழகும் சிறுவர் ஆகியோர் அணிவதே அறிவுடைமை. தடித்த தொப்பியின் மேல் வைத்தால் கவசம் பொருந்தாது. மெல்லிய தொப்பியே ஏற்றது. பர்தா அணியும் பெண்கள் கவசத்தின் கீழ் ஊசி குத்தாமல் துணியை மடித்துக் கட்டினால் போதும். அதனுடன் பின்புறச் சிவப்பு விளக்கையும் மறவாதீர்கள். கவசம் விழுந்தபின் உதவுவது. விளக்கு விழாமல் இருக்க உதவுவது.

"எல்லாம் அல்லாஹ் விதித்தபடி" என்று சில முதியவர்கள் கூறுவர். ஒட்டகத்தைக் கட்டியபின் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு போதிக்கும் நபிமொழியை அவர்களும் அறிவர். நம் காலத்து ஒட்டகத்துக்கு இரண்டு சக்கரங்கள்.

நெதர்லாந்துப் பெற்றோர் தலைக்கவசம் கேட்கவில்லை, வீதியைக் கேட்டனர், பெற்றும் கொண்டனர். நம் மாநகர சபையிடமும் பிரதேச சபைகளிடமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் நாமும் அதையே கேட்க வேண்டும். பாடசாலை முன்றலில் வேகத்தடையும் வீதியோரத்தில் மூன்றடி இடமும் எட்டாத கோரிக்கைகள் அல்ல. அது கிடைக்கும்வரை நம் தலையை நாமே காப்போம்.