வெடிச் சத்தத்துக்கு யார் பொறுப்பு?

புத்தூரில வருசம் பிறந்தாலும் வெடி, கோயில் திருவிழாவுக்கும் வெடி, செத்த வீட்டுக்கும் வெடி. நாங்களும் சீனவெடி கொளுத்தித்தான் வளர்ந்தனாங்கள். முதல் சத்தம் கேட்டதும் அப்பம்மாமார் ஏன் சுவரோரம் ஒதுங்கினவை எண்டு அந்த வயசில விளங்கேல்லை. 1995 ஒக்டோபரில் 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி வழியாகத்தான் யாழ் நகரை நோக்கி வந்தது. ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தது. அதைக் கண்டவர்களின் காதுக்கு வெடி வெறும் கொண்டாட்டம் இல்லை.

சரி, "இந்த நேரத்துக்குப் பிறகு கொளுத்தாதேங்கோ" எண்டு சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

இலங்கையில் பட்டாசு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்துக்குள் வருகிறது. செய்யவும் விற்கவும் அனுமதிப்பத்திரம் வேணும். வெடிமருந்து யார் கையில் இருக்கிறது என்பதே அந்தச் சட்டத்தின் முதல் கவலை. பக்கத்து வீட்டு நோயாளியின் நித்திரையைப் பற்றி யோசித்து எழுதப்பட்ட சட்டம் அல்ல அது.

அந்த நித்திரைக்குக் கிட்ட வருவது இன்னொரு சட்டம்: 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டம். பொதுச் சுகாதாரம், வீதிகள், மக்களின் வசதி, நலன் ஆகியவற்றை அதன் 3ஆம் பிரிவு சபையிடம் ஒப்படைக்கிறது. சபை உபவிதி ஆக்கலாம். ஆனால் மேலிட அங்கீகாரம் கிடைத்து, வர்த்தமானியில் வந்தால்தான் அது செல்லும். ஆக, வலிகாமம் கிழக்குப் பிரதேச சபை நினைத்த மாத்திரத்தில் பட்டாசை முழுதாகத் தடை செய்ய ஏலாது. எண்டாலும் தன்னுடைய மைதானம், சந்தை, மயானம் எல்லாத்துக்கும் நேரமும் நிபந்தனையும் வைக்க அதுக்கு இடமிருக்கு எண்டுதான் நாங்கள் வாசிக்கிறம்.

தமிழ்நாட்டில் நேரக் கட்டுப்பாடு மேலிருந்து வந்தது. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரண்டு மணித்தியாலம்தான் எண்டது. மாநில அரசு காலை 6–7, மாலை 7–8 எண்டு பிரித்தது. அதுக்குக் கனகாலம் முந்தியே சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தாங்களாகவே வெடியை விட்டிட்டினம்.

பறவைக்காக ஒரு ஊர் அப்படி முடிவெடுக்கலாம் எண்டால், ஷெல்லுக்குத் தப்பி வந்த மனிசருக்காக நாங்கள் எடுக்கேலாதா? முழுத் தடை கேட்கேல்லை. இரவு பத்து மணிக்குப் பிறகு வேண்டாம், வைத்தியசாலைக்குப் பக்கத்தில வேண்டாம். இந்த இரண்டு வரியையும் உபவிதியாக்கச் சொல்லி எங்கட வட்டார உறுப்பினரிட்டக் கேட்பம். வர்த்தமானி வருமட்டும், எங்கட கையில இருக்கிற நெருப்புப்பெட்டிக்கு நாங்கள்தான் பொறுப்பு.