நான்கு மாதக் காவல்

2018 மார்ச் 17. பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் ஐஎஸ்எல் இறுதிப்போட்டி. 9ஆவது நிமிடத்திலேயே உதாந்தா சிங் அனுப்பிய பந்தை சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் உள்ளே தள்ளிவிட்டார். பெங்களூரு 1, சென்னையின் எஃப்சி 0. லீக் சுற்றில் 40 புள்ளிகள் எடுத்து, இரண்டாவது வந்த சென்னையைவிட எட்டு புள்ளி முன்னால் நின்ற அணி அது. ஊரும் அவர்களுடையது, கூட்டமும் அவர்களுடையது. சோலி முடிஞ்சுது என்றுதான் தோன்றியது.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 17ஆவது நிமிடம் ஒரு கார்னர். கிரிகோரி நெல்சன் அடிக்கிறார், பிரேசில்காரர் மைல்சன் ஆல்வெஸ் தலையால் கோல். 45ஆவது நிமிடம், அதே கார்னர், அதே நெல்சன், அதே தலை. 67ஆவது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோல். கடைசியில் மிக்கு ஒன்று திருப்பிக் கொடுத்தும் 3–2. சென்னைக்கு இரண்டாவது கோப்பை.

இந்தக் கதையை யாரிடம் கேட்டாலும் மைல்சன் பெயரைச் சொல்வார்கள். ஒரு டிஃபண்டர் இறுதிப்போட்டியில் இரண்டு கோல் போட்டால் யார்தான் மறப்பார்? எனக்கு ஆர்வம் அவருக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு டிஃபண்டர் மேல். கையில் கேப்டன் பட்டையோடு அந்த சீசன் முழுக்கப் பின்வரிசையை நடத்தியவர், போர்ச்சுகலைச் சேர்ந்த ஹென்ரிக் செரேனோ. வயது 32. சென்னையின் எஃப்சியின் அந்த சீசன் 2017 நவம்பர் 19இல் தொடங்கியது, இறுதிப்போட்டியோடு முடிந்தது. கார்த்திகை பிறந்த வாரத்தில் ஆரம்பித்து பங்குனி பிறந்த வாரம்வரை, நான்கே மாதம். வந்தார், கோப்பை வாங்கிக் கொடுத்தார், அடுத்த சீசனில் இல்லை. ஒரு மானாவாரி வெள்ளாமைக்கு ஆகிற காலம்.

இந்த நான்கு மாதத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். 2016 சீசனில் சென்னை எட்டு அணிகளில் ஏழாவது இடம். 2017–18இல் சாம்பியன். 2018–19இல் பத்து அணிகளில் பத்தாவது இடம்: 18 ஆட்டம், 2 வெற்றி, 9 புள்ளி. லீக் சுற்றில் வாங்கிய கோல்களை மட்டும் எடுத்துக்கொண்டால், செரேனோ இருந்த சீசனில் 18 ஆட்டத்தில் 19. அவர் போன சீசனில் அதே 18 ஆட்டத்தில் 32.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்து, நடுவே அம்புக்குறி போட்டு, ‘இதனால்தான் அது’ என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். ஒரு சிஸ்டம் விழுந்தால் அதற்கு ஒரே காரணம் இருப்பது அபூர்வம். 2018–19இல் மாறியது செரேனோ மட்டும் இல்லை. நடுக்களத்தில் தடுப்பு வேலையைத் தாங்கிய சென்னைப் பையன் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தார். முன்வரிசையும் வறண்டு போயிருந்தது. அந்த அணி போட்டதே 16 கோல்தான். இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும்.

ஆனால் மாறாதவற்றையும் பார்க்க வேண்டுமில்லையா? பயிற்சியாளர் அதே ஜான் கிரிகோரி. மைல்சன் இருந்தார். வலதுபக்கம் இனிகோ கால்டெரோன், இடதுபக்கம் ஜெர்ரி லால்ரின்சுவாலா, கோல் கம்பத்துக்கு முன்னால் கரஞ்சித் சிங். ரஃபேல் இருந்தார், நெல்சன் இருந்தார், ஜெஜெ இருந்தார். வீட்டில் கூரை, சுவர், கதவு எல்லாம் அப்படியே இருக்க, தாழ்ப்பாள் மட்டும் காணாமல் போன மாதிரி. முழுப் பழியையும் தாழ்ப்பாள் மேல் போட முடியாது. அது இருந்தபோது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கலாம்.

டிஃபண்டரின் வேலை என்னவென்று டிவியில் பார்த்தால் பாதிதான் தெரியும். கேமரா பந்தைத் துரத்துகிறது. நடு டிஃபண்டருக்கு முக்கிய வேலை பந்து இல்லாத இடத்தில். நான்கு பேரும் ஒரே கோட்டில் நிற்கிறார்களா, எப்போது இரண்டடி முன்னேறி எதிராளியை ஆஃப்சைடில் மாட்டிவிடலாம், ஓரத்தில் ஓடிப்போன பையன் திரும்புகிறவரை அந்தக் காலி இடத்தை யார் மூடுவது. இதையெல்லாம் கத்திக்கத்திச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஜெர்ரிக்கு அப்போது 19 வயது. அந்த வயதில் கால் தன்னால் முன்னே ஓடும். மைல்சன் கார்னருக்கு மேலேறிப் போய்த் தலையால் முட்டுகிறார் என்றால், பந்து தப்பினால் பின்னால் ஆள் இருக்கிறது என்ற தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தைக் கொடுப்பவரின் பெயர் ஸ்கோர்கார்டில் வராது. அவர் நன்றாக வேலை செய்தால் அங்கே எதுவுமே நடந்திருக்காது. நடக்காததை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எங்கள் பக்கம் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் பெரியவர்களிடம் வயசு கேட்டால், ‘கண்மாய் உடைஞ்ச வருசம் நான் கைப்புள்ள’ என்பது போலச் சொல்வார்கள். கரை உடைந்த வருஷம் ஞாபகம் இருக்கும். உடையாத வருஷங்களுக்கு ஞாபகம் கிடையாது. அந்த வருஷங்களில் ராத்திரி மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கரைமேல் நடந்து, நண்டு வளையை மண் வைத்து அடைத்தவர்களுக்கும் பெயர் கிடையாது. வேலை சரியாக நடந்ததற்கான ஒரே சாட்சி, ஊர் மறுநாள் காலையில் வழக்கம்போல எழுந்ததுதான்.

செரேனோ பிறந்ததும் கிட்டத்தட்ட இப்படிப்பட்ட ஒரு வறண்ட சீமையில். ஊர் எல்வாஸ், போர்ச்சுகலின் அலென்தேஜோ பகுதி. ‘தேஜோ ஆற்றுக்கு அப்பால்’ என்று அர்த்தம். நம்ம ஊர் பாஷையில் ‘ஆத்துக்கு அந்தப் பக்கம்’. வெயில் கொளுத்தும் கோடை, ஆலிவ் மரங்கள், கோதுமைக் காடு. அதே அலென்தேஜோவில் பேஜா பக்கம் போனால் கறுத்த களிமண் நிலமே இருக்கிறது. கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய் என்றால் எல்வாஸுக்குச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த பிளம் பழம். இரண்டுக்குமே ஊர்ப்பெயரைக் காக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

எல்வாஸை உலகம் அறிந்தது பழத்தால் மட்டும் இல்லை, கோட்டையால். ஸ்பெயின் எல்லையில், பதாஹோஸ் நகரத்துக்கு எதிரே நிற்கும் காவல் ஊர் அது. 17ஆம் நூற்றாண்டில் ஊரைச் சுற்றி நட்சத்திர வடிவில் மதில்கள் எழுந்தன. 2012இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நட்சத்திர வடிவம் அழகுக்காக வந்ததில்லை. ஒவ்வொரு முனையும் பக்கத்து முனையின் அடிவாரத்தைப் பார்த்துக்கொள்ளும். எந்தச் சுவரும் தன்னைத் தானே காப்பதில்லை, பக்கத்துச் சுவரைக் காக்கிறது. ஒரு நல்ல பின்வரிசைக்கு இதைவிடச் சரியான வரைபடம் நான் பார்த்ததில்லை.

அந்த ஊரில் எனக்குப் பிடித்தது மதிலைவிட ஒரு கால்வாய். அமொரெய்ரா நீர்ப்பாலம். அடுக்கடுக்கான வளைவுகளின் மேல் ஏறி வெளியிலிருந்து ஊருக்குள் தண்ணீர் வருகிறது. 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டுமானம் 1622இல்தான் முடிந்தது. மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும் உள்ளே தண்ணீர் இல்லையென்றால் முற்றுகையைத் தாங்க முடியாது. சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணிக்காகக் குடத்தோடு காத்திருந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒருவர் பிறந்த ஊரின் கோட்டைதான் அவரை டிஃபண்டர் ஆக்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எல்வாஸில் ஃபார்வர்டுகளும் பிறந்திருப்பார்கள். அவர் நடந்துவந்த பாதையில்தான் எனக்கு அதிக அர்த்தம் தெரிகிறது. 2010–11இல் லீக், போர்ச்சுகல் கோப்பை, யூரோப்பா லீக் மூன்றையும் வென்ற போர்ட்டோ அணியில் செரேனோ இருந்தார், ஆனால் நிரந்தர இடம் பிடித்தவர் இல்லை. அடுத்த சீசன் ஜெர்மனியின் கொலோனுக்குக் கடனாகப் போனார். அந்த அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. பிறகு ஸ்பெயினில் வயாதோலித், துருக்கியில் கைசெரிஸ்போர், மறுபடி ஜெர்மனியில் மைன்ஸ். எல்லாம் ஜெயிக்கிற வீட்டையும் எல்லாம் சரிகிற வீட்டையும் அடுத்தடுத்த வருஷத்தில் பார்த்தவர். எங்கே போனாலும் புது மொழி, புது ஆட்கள், புதுக் கோடு. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும்.

2016இல் கொல்கத்தா வந்தார். அந்த டிசம்பர் 18, கொச்சியில் இறுதிப்போட்டி. கேரளா முந்தியது, 44ஆவது நிமிடத்தில் கார்னரிலிருந்து தலையால் சமன் செய்தவர் செரேனோ. பெனால்டியில் கொல்கத்தா 4–3. அடுத்த சீசன் சென்னை, மறுபடி இறுதிப்போட்டி, மறுபடி எதிரணியின் ஊர், மறுபடி முதல் கோல் எதிரணிக்கு, மறுபடி கோப்பை. அடுத்தடுத்த இரண்டு சீசன், இரண்டு வேறு நகரங்கள். ஐஎஸ்எல்லை ஓய்வுபெற்றவர்களின் சுற்றுலா என்று கிண்டல் செய்த காலம் அது. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் சுற்றுலா வந்தவர் யார், வேலைக்கு வந்தவர் யார் என்பது மாட்ச்சின் 80ஆவது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கோவில்பட்டி கால்பந்து ஊர் இல்லை. எங்களுடையது ஹாக்கி. தேசியப் போட்டிகள் நடக்கிற செயற்கைப்புல் மைதானம் உண்டு, அரசு விளையாட்டு விடுதி உண்டு. அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடியபோது ஊரே கொண்டாடியது. இரண்டு பேருமே ஃபார்வர்டுகள் என்பதைக் கவனியுங்கள். நான் படித்தபோது பி.டி. சார் அணி பிரிக்கும் முறை எளிமையானது: நல்லா ஓடுறவன் முன்னால, மிச்சம் இருக்கிறவன் பேக். பின்னால் நிற்பது தகுதி என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், எங்கள் வட்டாரத்தின் மிகப் பெரிய கதையே ஒரு தடுப்பாட்டக் கதை. ஓட்டப்பிடாரம் பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சி. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபிறகு கோட்டையை இடித்துவிட்டார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். சில நாட்களிலேயே மண்கோட்டை மறுபடி நின்றது. மார்ச் 31 அன்று கம்பெனிப் படை முட்டிப் பார்த்துத் தோற்றுத் திரும்பியது. கூடுதல் படையும் பீரங்கியும் கொண்டுவந்து மே 24 அன்றுதான் உள்ளே நுழைய முடிந்தது. பிப்ரவரியிலிருந்து மே வரை, அதுவும் ஏறக்குறைய நான்கு மாதம்தான். கருங்கல் மதில் குண்டு பட்டால் சிதறும்; கனமான மண்மதில் குண்டை விழுங்கிக்கொள்ளும். எல்வாஸின் பொறியாளர்களும் மதிலுக்குள் மண்ணை நிரப்பியது இதே கணக்கில்தான்.

எல்வாஸ் மதில் இன்றும் நிற்கிறது, நேரில் போய்ப் பார்க்கலாம். ஊமைத்துரையின் மதில் தரையோடு போனது. காத்து நின்றவர்களில் தலைவர்கள் நாலைந்து பேரின் பெயர் நமக்குத் தெரியும். சில நாட்களுக்குள் கரிசல் மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பியவர்களின் பெயர் தெரியாது. அவர்கள் கட்டியது எவ்வளவு உறுதி என்பதற்கு, அதை உடைக்க வந்தவர்களுக்கு எத்தனை வாரம் ஆனது என்பதுதான் அளவு.

செரேனோவுக்கும் அப்படி ஓர் அளவு கிடைத்திருக்கிறது. அது 2017–18இன் கோப்பையைவிட 2018–19இன் பட்டியலில் தெளிவாகத் தெரிகிறது: கடைசி வரிசை, 32 என்ற எண். அந்த எண்ணில் எத்தனை கோல் அவர் இருந்திருந்தால் விழுந்திருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறா, எட்டா, ஒன்றுமே இல்லையா. கரிசல்காட்டில் மழை நின்ற பிறகும் மண்ணுக்குள் இருக்கிற ஈரத்தில் பயிர் கொஞ்ச நாள் நிற்கும். அதனால் மழையின் அருமை உடனே தெரியாது. தெரிகிறபோது தட்டை காய்ந்திருக்கும்.

விடுதி மைதானத்தில் சாயங்காலம் பயிற்சி நடக்கும்போது பெரும்பாலான கண்கள் முன்வரிசைப் பையன்கள் மேல்தான் இருக்கும். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஐந்து நிமிஷம் பந்தை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கிற பையனைப் பாருங்கள். மட்டையைத் தரையில் ஊன்றியபடி யாரையோ பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பான். அதுதான் அவன் ஆட்டம்.