அதபும் பிரம்பும்: முதுகுளத்தூர்ச் சிறாரின் ஒழுக்கக் கல்வி

'பள்ளி' என்னும் தமிழ்ச் சொல் நெடிய வரலாறு உடையது. சமண, பௌத்தத் துறவியர் உறைந்த இடங்களைக் குறித்த அச்சொல், அங்கே கல்வி போதிக்கப்பட்டமையால் கல்விக்கூடத்தின் பெயராயிற்று. பிற்காலத்தில் இம்மண்ணின் முஸ்லிம்கள் தம் தொழுகைத் தலத்தையும் பள்ளி என்றே வழங்கினர். ஆகவே முதுகுளத்தூரில் வளரும் ஒரு முஸ்லிம் குழந்தை நாள்தோறும் இரண்டு பள்ளிகளுக்குச் செல்கிறது. விடியலில் ஓதுகிற பள்ளி. பொழுது ஏறியபின் படிக்கிற பள்ளி.

இரண்டிலும் முதற்பாடம் எழுத்தன்று. செருப்பைக் கழற்றி ஓரமாக வை, ஸலாம் சொல்லி உள்ளே வா, பெரியவர் பேசும்போது குறுக்கிடாதே, வலக்கையால் வாங்கு. அலிஃபுக்கும் அகரத்துக்கும் முன்பே கற்பிக்கப்படும் இவற்றுக்கு நம் முன்னோர் 'அதபு' என்று பெயரிட்டனர். "அதபு இல்லாத பிள்ளை" என்பது இவ்வட்டாரத்தில் ஒரு குழந்தையின் மீதன்றி, அதன் குடும்பத்தின் மீதே சுமத்தப்படும் பழியாகும்.

அதபைப் போலவே நம் நினைவில் நிற்கும் இன்னொன்றும் உண்டு. நாம் சிறுவராய் ஓதச் சேர்க்கப்பட்ட நாளில், அழைத்துச் சென்ற பெரியவர் ஹஜ்ரத்திடம் கூறிய சொற்கள் இவை: "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க." அக்காலத்தில் ஏறத்தாழ எல்லாத் தந்தையரும் இதைச் சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள். அதபும் பிரம்பும் ஒன்றையொன்று பிரியாதவை என்ற நம்பிக்கை அச்சொற்களில் உறைந்திருந்தது. அந்த நம்பிக்கைக்கு நம் மரபில் எவ்வளவு இடம் உண்டு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் அதன் வேரும்

அரபு மொழியில் 'அதப்' என்ற சொல்லும், விருந்தைக் குறிக்கும் 'மஃதுபா' என்ற சொல்லும் ஒரே வேரைச் சேர்ந்தவை. இவ்வுறவு நம் சிந்தனைக்குரியது. விருந்தில் உண்ண வந்தவருக்கு மட்டும் முறைமை இல்லை, அழைத்தவருக்கும் உண்டு. வந்தவர் பண்போடு உண்ண வேண்டும். அழைத்தவர் முகம் கோணாது பரிமாற வேண்டும். அதபு என்பது இருவர் ஒருவருக்கொருவர் பட்டிருக்கும் கடன் எனக் கொள்வதே இச்சொல்லுறவுக்குப் பொருத்தமாகும்.

திருக்குர்ஆன் வீட்டொழுக்கம் குறித்து நுட்பமாகப் பேசுகிறது. அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம், பருவமெய்தாத சிறாரும் மூன்று வேளைகளில் பெரியோரின் அறைக்குள் அனுமதி கேட்டே நுழைய வேண்டும் என்கிறது. ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நேரம், இஷாவுக்குப் பின் ஆகியனவே அம்மூன்று வேளைகள். லுக்மான் அத்தியாயத்தில் ஒரு தந்தை தம் மகனுக்கு, மக்களிடம் முகத்தைத் திருப்பிக் கொள்ளாமல் இருக்கவும், நடையில் நடுநிலை பேணவும், குரலைத் தாழ்த்தவும் அறிவுறுத்துகிறார். அவர் மகனை அழைக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். 'என் அருமை மகனே' என்னும் கனிவு மிகுந்த விளியையே அவர் திரும்பத் திரும்பக் கையாளுகிறார்.

நபி (ஸல்) அவர்களின் வளர்ப்பில் இருந்த சிறுவர் உமர் பின் அபீஸலமா (ரலி), உண்ணும்போது தட்டின் எல்லாப் பக்கமும் கையை ஓடவிட்டார். அல்லாஹ்வின் பெயர் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தமக்கு அருகிலிருப்பதை எடுத்துக்கொள்ளவும் நபியவர்கள் அவரிடம் சொன்னார்கள். புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ள இந்நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் அனைவரும் பாடமாக ஓதுகிறார்கள். ஆயினும் அதன் இன்னொரு பாதியை நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. கண்டிப்போ ஏளனமோ இன்றி மூன்று சிறிய அறிவுரைகளே அங்கே சொல்லப்பட்டன. அன்று முதல் தாம் அவ்வாறே உண்டு வந்ததாக அச்சிறுவரே பிற்காலத்தில் அறிவித்தார். கற்பித்த முறைக்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி), தம்மை நோக்கி ஒருமுறைகூட 'சீ' என்று நபியவர்கள் சொன்னதில்லை என அறிவிக்கிறார். சிறுவர்களைக் கடந்து செல்லும்போது நபியவர்களே ஸலாம் சொன்னதாகவும் அவர் வழியாகவே அறிகிறோம். சிறியவர்தான் பெரியவருக்கு ஸலாம் சொல்ல வேண்டும் என்பது பொதுவிதி. அவ்விதியைக் கற்பித்தவரே சிறாருக்கு முந்தி ஸலாம் சொன்னார் என்பதில் ஒரு பாடம் இருக்கிறது.

ஆசிரியருக்கான அதபு

இஸ்லாமிய உலகில் கல்விமுறை பற்றி எழுந்த தொன்மையான நூல்களுள் ஒன்று, இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரத்து இப்னு ஸஹ்னூன் (817–870) இயற்றியது. அதன் பெயர் 'ஆதாபுல் முஅல்லிமீன்', அதாவது ஆசிரியர்களுக்குரிய ஒழுக்கங்கள். செல்வர் வீட்டுப் பிள்ளையையும் ஏழை வீட்டுப் பிள்ளையையும் சமமாக நடத்த வேண்டும் என்றும், சினம் தணிக்கப் பிள்ளையை அடிக்கக் கூடாது என்றும், தலையிலும் முகத்திலும் கைவைக்கக் கூடாது என்றும் அந்நூல் வரம்பு கட்டுகிறது. தண்டனையை அது முற்றாக விலக்கவில்லை. ஆனால் ஆசிரியரைக் கணக்குக் கேட்கிறது.

நம் மதரஸாக்கள் நன்கறிந்த நூல், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி எழுந்த ஸர்னூஜியின் 'தஃலீமுல் முதஅல்லிம்'. மாணவன் ஆசிரியரிடம் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதை அது விரிவாகப் பேசுகிறது. மாணவனின் கடமையைச் சொல்லும் நூல் நம் கைகளில் தங்கிவிட்டது. ஆசிரியரின் கடமையைச் சொல்லும் நூல் ஆய்வாளர்களின் அலமாரிக்குச் சென்றுவிட்டது.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் 'இஹ்யா'வில் சிறார் வளர்ப்புக்குத் தனிப்பகுதி ஒதுக்கியுள்ளார். குழந்தை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று தொடங்கும் அவர், நன்றாக மென்று உண்ணுதல், பிறர் உண்பதை வெறித்துப் பாராமை, சபையில் துப்பாமை, பெரியவர் வந்தால் எழுந்து இடம் விடுதல் என்று ஒவ்வொன்றாகக் கூறுகிறார். தந்தையின் உடைமையைக் கொண்டோ, தன் உணவு, உடை, எழுதுபலகை, மைக்கூடு ஆகியவற்றைக் கொண்டோ தோழரிடம் பெருமையடிக்கலாகாது என்பதும் அவர் அறிவுரை. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாங்கிய கைப்பேசியும் காலணியும் வகுப்பறையில் தரம் பிரிக்கும் இந்நாளில், அந்தப் பலகையும் மைக்கூடும் பழையனவாகத் தோன்றவில்லை.

தண்டனை பற்றி அவர் சொல்வது இன்னும் கூர்மையானது. பிள்ளையின் நற்செயலைப் பலர் முன் பாராட்ட வேண்டும். ஒருமுறை தவறினால் காணாதது போல் விட்டுவிட வேண்டும். மீண்டும் செய்தால் தனியே அழைத்துக் கண்டிக்க வேண்டும். ஓயாத கண்டிப்பு, கண்டிப்பையே மதிப்பற்றதாக்கிவிடும். பாடம் முடிந்தபின் விளையாட விட வேண்டும். இல்லையேல் உள்ளம் மடிந்துபோகும். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் இப்னு கல்தூன் (1332–1406) தம் 'முகத்திமா'வில், கடுமையால் வளர்க்கப்படும் மாணவன் பொய்யும் சூதும் கற்கிறான், அடிக்கு அஞ்சி வேடம் போடுகிறான், அதுவே பிறகு அவன் இயல்பாகிவிடுகிறது என்று எழுதினார்.

தமிழ்நிலத்தின் மரபு

தமிழிலும் இத்தகைய நூல் உண்டு. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த 'ஆசாரக்கோவை'யைப் பெருவாயின் முள்ளியார் இயற்றினார். நீராடுதல், உண்ணுதல், பெரியோர்முன் ஒழுகுதல் என்று நாள்முறை ஒழுக்கங்களை நூறு வெண்பாக்களில் தொகுக்கும் அந்நூல், விருந்தினர், மூத்தோர் முதலியோருடன் பிள்ளைகளுக்கும் உணவளித்த பின்னரே உண்ண வேண்டும் என்கிறது. மூத்தோருக்குக் காட்டும் மதிப்பும் குழந்தையின் மீதுள்ள அக்கறையும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன.

திண்ணைப் பள்ளிகளின் கதை வேறு. சென்னை மாகாணத்தின் நாட்டுப்புறப் பள்ளிகளைப் பற்றி ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் விசாரணைக்கு ஆணையிட்டார். அதற்கு 1823இல் பெல்லாரி ஆட்சியர் காம்ப்பெல் அனுப்பிய அறிக்கை ஒரு வழக்கத்தை விவரிக்கிறது. முதலில் வந்த மாணவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவர், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, இப்படியே ஏறிக்கொண்டு போகும். கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' என்ற தண்டனையையும் தமிழகத் திண்ணைப் பள்ளிகள் அறிந்திருந்தன. நம் ஓதுகிற பள்ளிகளின் பிரம்பும் இந்தச் சூழலில்தான் செழித்தது என்று கருத இடமுண்டு. அதை மார்க்கத்தின் பிரம்பு என்பதைவிட, ஊர்வழக்கின் பிரம்பு என்பதே பொருந்தும்.

இக்கடற்கரையின் இன்னொரு மரபு மென்மையானது. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் எழுதிய மார்க்க நூல்கள், அரபு அறியாத வீடுகளுக்குள்ளும் நுழைந்தன. அரபு எழுத்தில் தமிழ் ஒலித்ததால், குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்கள் அவற்றைத் தாமே வாசிக்க முடிந்தது. கடற்கரையில் 'வாப்பா' என்றும் உள்நாட்டில் 'அத்தா' என்றும் தந்தையை அழைக்கும் இருவகைக் குடும்பங்களிலும், வாசலில் ஸலாம், கவளத்துக்கு முன் பிஸ்மில்லாஹ், தும்மலுக்குப் பின் அல்ஹம்துலில்லாஹ் என்பவற்றைக் குழந்தைக்குச் சொல்லித் தந்தவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் பாட்டிமாருமே. மடியில் இருத்திச் சொன்ன அப்பாடங்கள் இன்றும் மறக்கவில்லை. பிரம்புக்கு அஞ்சிக் கற்றவற்றில் எத்தனை நம்மிடம் எஞ்சியுள்ளன?

ஒருவழி மரியாதை

மரியாதை ஒருவழியாகும்போது அது எவ்வளவு கொடியதாகும் என்பதை இராமநாதபுரம் மாவட்டம் அறிந்த அளவுக்கு வேறிடங்கள் அறிந்திருக்குமா என்பது ஐயமே. 1930 டிசம்பரிலும் 1931 ஜூனிலும் இம்மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் சிலர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது முதலில் எட்டும் பின்னர் பதினொன்றுமாகத் தடைகளை விதித்தனர். நகை அணியலாகாது, செருப்பு அணியலாகாது, குடை பிடிக்கலாகாது என்ற அவ்வரிசையில், அவர்களின் பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது என்பதும் ஒன்று. ஹட்டன் பதிவு செய்த இவற்றை அம்பேத்கரும் தம் எழுத்தில் எடுத்துக்காட்டினார். 1957 செப்டம்பர் 10இல் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் நடந்தது. மறுநாள் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரம் இவ்வூரின் பெயரை நாடறியச் செய்தது. அப்பகைக்குக் காரணங்கள் பல. ஆயினும் சமமாக மதிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையும் அதை ஏற்க மறுத்த மனமும் அவற்றின் அடியில் இருந்தன என்பதை மறுக்க இயலாது.

இதனை இங்கே நினைவூட்டுவது பிறரைச் சுட்டுவதற்கன்று. பணிவை எளியோரின் கடமையாகவும் வலியோரின் உரிமையாகவும் கொள்ளும் மனம், வீட்டிலும் வகுப்பறையிலும்தான் உருவாகிறது. கொடையாளரின் பிள்ளைக்கு முன்வரிசையும் கூலிக்காரரின் பிள்ளைக்கு வாசலோரமும் தருகிற ஓதுகிற பள்ளி எங்கேனும் இருந்தால், அது இப்னு ஸஹ்னூனின் வரம்பை மீறிய பள்ளியாகும்.

சட்டமும் மார்க்கமும்

2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாணவரை உடலால் தண்டிப்பதையும் உள்ளத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், மார்க்கக் கல்வியை முதன்மையாகத் தரும் மதரஸாக்களையும் வேதபாடசாலைகளையும் அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியது. குழந்தையைக் கொடுமைப்படுத்துவது வேறு சட்டங்களின்படி எங்கும் குற்றமே. ஆயினும் இவ்விலக்கின் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். படிக்கிற பள்ளியில் ஒன்பது மணிக்குப் பிள்ளையைக் காக்கும் அச்சட்டப் பிரிவு, ஓதுகிற பள்ளியில் ஏழு மணிக்கு உடன் வருவதில்லை. அந்த இரண்டு மணி நேர இடைவெளியை நம் அதபு நிரப்பாவிடில் வேறு எது நிரப்பும்?

பத்து வயதில் தொழாத பிள்ளையை அடிக்கச் சொல்லும் ஹதீஸ் அபூதாவூதில் இல்லையா எனக் கேட்போர் உண்டு. நேர்மையான கேள்வி அது. ஏழு வயதில் ஏவச் சொல்லும் அதே ஹதீஸ் மூன்றாண்டுப் பொறுமையை முன்வைக்கிறது. நாளொன்றுக்கு ஐவேளை, மூன்றாண்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழுகை வேளைகள். அத்தனை முறை கனிவோடு அழைத்தவர் நம்மில் எவர்? அதன் பின்னரும் காயமோ தழும்போ ஏற்படலாகாது, முகத்தில் அடிக்கலாகாது என்று சட்ட அறிஞர்கள் கட்டுப்பாடு விதித்தனர். நபியவர்கள் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் தம் கையால் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிப்பது முஸ்லிமில் உள்ளது. ஹிஜ்ஜே தவறியதற்கும் தாமதமாக வந்ததற்கும் பிரம்பெடுப்பவர் இந்த ஹதீஸைத் துணைக்கு அழைக்க முடியாது.

இருபாலும் உள்ள கடன்

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் எழுதித் தரும் ஒழுக்கப் பட்டியலின் எதிர்ப்பக்கத்தையும் நிரப்ப வேண்டும். பிள்ளை ஸலாம் சொல்லி வீட்டுக்குள் நுழையட்டும்; நாமும் அதன் முகம் பார்த்துப் பதில் சொல்வோம். அனுமதியின்றிப் பெற்றோரின் அறைக்குள் பிள்ளை நுழையாதிருக்கட்டும். பார்வையின் பொருட்டே அனுமதி கேட்பது விதியாக்கப்பட்டது என்ற நபிமொழியைக் கைப்பேசிக்கும் விரித்து, பிறரின் செய்திகளை எட்டிப் பார்க்கும் பழக்கத்தை நாமும் விடுவோம். வகுப்பில் ஆசிரியர் பேசி முடிக்கும்வரை பிள்ளை காத்திருக்கட்டும். பிள்ளை தன் கேள்வியைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை ஆசிரியரும் காத்திருக்கட்டும். தண்ணீர்க் குழாயடியில் சிறியவனுக்கு வழிவிடப் பிள்ளை கற்கட்டும். ரேஷன் கடை வரிசையில் நாம் முண்டியடிப்பதை அது பார்க்காதிருக்கட்டும். தவறிழைத்த பிள்ளை மன்னிப்புக் கேட்கட்டும். தவறாகக் கண்டித்த தந்தையும் கேட்கட்டும்.

குழந்தை அமானிதம் என்றார் இமாம் கஸ்ஸாலி. அமானிதத்தை ஒப்படைப்பவர் அதன் தோலை உரிக்கச் சொல்வதில்லை. இனி ஒரு பிள்ளையை ஓதவோ படிக்கவோ சேர்க்கும் நாளில், "இது எங்களிடம் வந்த அமானிதம்; இன்று முதல் உங்களிடமும்" என்று சொல்லிக் கையைப் பிடித்து ஒப்படைப்போமாக. அந்தச் சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை, தன்னினும் எளியவரிடம் அவ்வாறே நடந்துகொள்ள வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.