பெலிச்சி கடையின் 'ஈ'

கிழக்கு லண்டனில், பெத்னல் கிறீன் றோட்டின் 332ஆம் இலக்கத்தில் ஒரு சின்னக் கோப்பிக் கடை இருக்கிறது. முகப்பு வெளிர் மஞ்சள் கண்ணாடிப் பலகை. அதில் உருக்கு எழுத்தில் 'ஈ. பெலிச்சி' என்று பெயர். 1900இலிருந்து ஒரே இத்தாலியக் குடும்பத்தின் கடை. உள்ளே சுவரெல்லாம் மரத்தில் மரம் பதித்த அலங்கார வேலை. 1946இல் அக்கிலே கப்போச்சி என்ற தச்சர் செய்தது. 2005இல் இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறவர்கள் கிரே இரட்டையர் என்ற பழைய ரவுடிகள் இங்கே வந்துபோன கதையைத்தான் முதலில் எடுப்பார்கள். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. அந்த 'ஈ'தான் என்னைப் பிடித்தது. அது எலிடே என்ற பெண்ணின் பெயர். 1931இல் கணவர் பிரியாமோ இறந்தபோது ஏழு பிள்ளைகளோடு தனித்துவிடப்பட்டவர். அவர்தான் கடையைத் தூக்கி நிறுத்தினார்.

இங்கே முட்டைப்பொரியலும் பேக்கனும் அவித்த போஞ்சியும் போகிற அதே அடுப்பில்தான் லசானியாவும் ஸ்பகெற்றியும் ஆகின்றன. பிரிட்டனில் இத்தாலியர் நெடுங்காலம் விற்றது ஐஸ்கிறீம், தேத்தண்ணி, மீனும் சிப்ஸும்தான். பாஸ்ரா அவர்களுடைய வீட்டுச் சாப்பாடு. எங்கட ஆட்கள் கடையில் பாணும் பாலும் விற்றுவிட்டு, பின்னறையில் இருந்து புட்டுச் சாப்பிடுகிற மாதிரி என்று வையுங்கோ. 1957 ஏப்ரல் 1ஆம் திகதி பி.பி.சி. தொலைக்காட்சி, சுவிற்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெற்றி பறிக்கிறார்கள் என்று ஒரு படம் காட்டியது. அதை நம்பி, அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று கேட்டவர்களும் இருந்தார்கள்!

எளிய பாஸ்ராவில் ஒளிக்க ஒன்றும் இல்லை. தக்காளி, உள்ளி, ஒலிவ் எண்ணெய், உப்பு. நடுவில் சிறிது கடிபட வேண்டும். அவித்த தண்ணியில் ஒரு அகப்பை சோஸுக்குள் விட்டால் அதிலுள்ள மாப்பசை இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். எங்கட வீடுகளில் அதைக் கஞ்சியாக அவித்துவிட்டு, "இதைவிட இடியப்பம் திறம்" என்று சொல்லுவோம். அது பாஸ்ராவின் பிழை இல்லை.

இந்தக் கடைகளுக்கு ஒரு கெட்ட காலம் வந்தது. அதை லண்டன் அதிகம் பேசுவதில்லை. 1940 யூன் 10ஆம் திகதி முசோலினி பிரிட்டன் மீது போர் அறிவித்தார். அன்று இரவே சோகோவில் இத்தாலியக் கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. லிவர்பூலிலும் எடின்பரோவிலும் அப்படித்தான். நேற்றுவரை அதே கடையில் தேத்தண்ணி குடித்தவர்களும் கல் எறிந்தவர்களுக்குள் இருந்திருப்பார்கள். எல்லாரையும் பிடி என்பதுதான் சேர்ச்சிலின் கட்டளை. 16 முதல் 70 வயதுக்கு உட்பட்ட, 20 வருடத்துக்குக் குறைவாக இங்கே வாழ்ந்த ஆண்களைப் பொலிஸ் கூட்டிப்போனது. அதைவிட, பாசிஸ்டுகள் என்று உளவுத்துறை எழுதிவைத்த ஒரு பட்டியலும் இருந்தது. மொத்தம் 4,000 பேருக்கு மேல். பலரை பரி என்ற ஊரில் பாழடைந்த பஞ்சாலை ஒன்றில் அடைத்தார்கள்.

அவர்களில் ஒரு பகுதியை 'அரண்டோறா ஸ்ரார்' என்ற கப்பலில் ஏற்றி லிவர்பூலிலிருந்து கனடாவுக்கு அனுப்பினார்கள். யூலை 2 காலை, அயர்லாந்துக்கு வடமேற்கே, ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் குண்டு பட்டு அது மூழ்கியது. தளத்தில் முட்கம்பி அடித்திருந்தார்கள். ஏறியவர்கள் 1,500 பேருக்கு மேல். 800 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் 440க்கு மேற்பட்டவர்கள் இத்தாலியர்: சமையல்காரர், பரிசாரகர், கோப்பிக் கடைக்காரர்.

டெசிமோ அன்சானி என்பவரும் அந்தக் கப்பலில் போனார். பிரிட்டனில் 30 வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர். மனித உரிமைக்கான இத்தாலியக் கழகத்தின் செயலாளர், வெளிப்படையான பாசிச எதிர்ப்பாளர். அவரும் 'ஆபத்தானவர்' என்ற கணக்கில் கடலில் முடிந்தார். பட்டியல் எழுதியவர் பெயரைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை.

2001இல் இங்கே தடை செய்யப்பட்டது ஓர் இயக்கம். ஆனால் "நீயும் அந்த ஆட்கள்தானே?" என்ற கேள்வி வேலைத்தலத்தில் என்னிடமும் வந்தது. முட்கம்பியும் கப்பலும் எங்களுக்கு வரவில்லை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அன்சானியின் கதை எனக்கு உடனே விளங்கியது.

ஆண்கள் உள்ளே இருந்த காலத்தில் பல கடைகளை மனைவிமாரும் மகள்மாரும் நடத்தினார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றியவர்களும் உண்டு. பெலிச்சியின் எழுத்து இன்றும் வெயிலில் மின்னுகிறது.

கிளார்க்கன்வெல்லில் 1863இல் திறந்த புனித பேதுரு இத்தாலியத் தேவாலயம் இருக்கிறது. அதன் முன்மண்டபத்தில் கப்பலோடு போனவர்களுக்கு 1960இல் ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். அதே மண்டபத்தில், முதலாம் உலகப் போரில் இத்தாலி பிரிட்டனோடு சேர்ந்து சண்டை பிடித்தபோது, இங்கிருந்து போய் இறந்த இத்தாலியருக்கும் ஒன்று இருக்கிறது.