பழனித் திருவுருவமும் மருந்து நுகர்வும்

எரியோடும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் பழனிக்குக் கிழக்கே, திண்டுக்கல் சமவெளியில் அமைந்தவை. இவ்வூர்களில் தைப்பூசத்திற்குப் பழனி சென்று மீண்டவர் முதற்கண் செய்வது உற்றார்க்குப் பஞ்சாமிர்தம் பகிர்தலாகும். பெறுவோர் அதனைத் தின்பண்டமாகக் கருதுவதில்லை. நோயுற்றோர்க்கும் குழவிகட்கும் சிறிது ஊட்டிய பின்னரே தாம் உண்பர். ‘சாமி மேலே பட்டது’ என்று ஒரு சொல்லும் உடன் வழங்கும். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து. சிற்பமொன்றின் மேனியிற் பட்ட பொருள் உடற்பிணி தீர்க்கும் என்னும் கொள்கைக்கு அடிப்படை யாது? அக்கொள்கையால் அச்சிற்பத்திற்கு நேர்ந்தது யாது? இவ்விரண்டையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பழனிமலை மூலவர் திருவுருவம் கல்லில் வடித்ததன்று. நவபாஷாணம் எனப்படும் ஒன்பது நச்சுப் பொருள்களைக் கட்டிப் போகர் என்னும் சித்தர் ஆக்கியது என்பது வழிவழிச் செய்தி. மலைக்கோயிலில் போகர்க்குத் தனிச் சந்நிதியும் உண்டு. அவ்வொன்பது பொருள்கள் எவை என்பதில் மருத்துவ நூல்கள் தம்முள் ஒத்திலவெனினும், சாதிலிங்கம், தாளகம், மனோசிலை முதலியன அடிக்கடி எண்ணப்படுவன. இவற்றுள் முன்னது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. பின்னவை இரண்டும் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்தவை. இரவில் இத்திருமேனியிற் சாத்தி வைகறையிற் களைந்த சந்தனம் ‘இராக்காலச் சந்தனம்’ என்ற பெயரால் மருந்தாகப் போற்றப்பட்டது.

இச்செய்தியின் தொன்மையை நிறுவ இலக்கியச் சான்று போதாது. திருமுருகாற்றுப்படை ஆவினன்குடியைப் போற்றுகின்றது. ஆயின் ஆண்டுள்ள உருவம் எப்பொருளால் ஆயது என்று கூறவில்லை. போகர் பெயரில் இன்று வழங்கும் நூல்களின் மொழிநடையோ மிகப் பிற்காலத்தது. எனினும் சான்றொன்று எம் கருத்தைக் கவர்கின்றது. அகநானூற்றின் முதற்பாட்டில் மாமூலனார், நெடுவேள் ஆவிக்குரிய பொதினியைச் சுட்டி, ஆங்குள்ள சிறுகாரோடன் பயினொடு சேர்த்திய கல்லைப் பிரியாமைக்கு உவமையாக்குகின்றார். காரோடன் சாணைக்கல் செய்வோன். பயின் என்பது அரக்குப் போன்றதொரு பற்றுப்பொருள். பொதினியே பழனி என்பர் அறிஞர். பல்வேறு பொருள்களைப் பிரியாவகை பிணைத்து ஒன்றாக்கும் கைத்தொழில் அவ்வூர்க்குச் சிறப்பாகச் சங்ககாலத்திலேயே உரைக்கப்பட்டது என்பது இதனாற் பெறப்படும். இதனையே நவபாஷாணத்திற்குச் சான்றாகக் காட்டுதல் மிகையாம். யாம் அங்ஙனம் காட்டவில்லை. தொழில்மரபு ஒன்று இருந்தது என்னும் அளவே கொள்ளத்தக்கது.

இங்குக் ‘கட்டு’ என்னும் சித்தமருத்துவச் சொல்லை நோக்குதல் வேண்டும். ஓடும் இயல்பினதாகிய பாதரசத்தை ஓடாமல் நிறுத்துவது இரசக்கட்டு. பாஷாணத்தைக் கட்டுவதும் அதன் கொடுமை வெளிப்படாது அடக்குதலேயாம். அவ்வாறாயின் நன்கு கட்டிய உருவினின்று எதுவும் கரைந்து வருதல் கூடாது. கரைந்து வருமாயின் கட்டுத் தளர்ந்தது, வருவதும் நஞ்சே. அடியார் நம்பிக்கையோ உருவம் என்றும் நிலைத்தலையும், நாளும் சிறிது கரைந்து மருந்தாதலையும் ஒருங்கே வேண்டுகின்றது. இவ்விரண்டும் ஒருங்கு நில்லா என்பதை வரலாறு காட்டிற்று.

திருமேனி தேய்வுற்றது என்னும் கவலை வலுத்தமையால் 2004-இல் ஐம்பொன் உருவமொன்று கருவறையில் நிறுவப்பட்டது. எதிர்ப்பு எழவே அவ்வாண்டிலேயே அகற்றப்பட்டது. அவ்வுருவம் செய்ததில் முறைகேடு நிகழ்ந்தது என 2018-இல் வழக்கும் எழுந்தது. வழக்கின் செய்தி ஈண்டு வேண்டா. மக்கள் புதிய உருவத்தை ஏலாமைக்குக் காரணம் பலவாகலாம். ஐம்பொன் மருந்தன்று என்பதும் அவற்றுள் ஒன்று என யாம் கருதுகின்றோம்.

மருந்தும் சிற்பமும் ஒன்றும் இவ்வியல்பை மேலைநாட்டுத் தற்காலச் சிற்பியரும் வேறொரு முகமாகக் கையாண்டுள்ளனர். டேமியன் ஹர்ஸ்ட் 1992-இல் ‘மருந்தகம்’ என்னும் பொருள்படும் பெயருடன் ஓர் அறை முழுதும் மருந்துப் பெட்டிகளை அடுக்கி, நிலம், நீர், தீ, வளி என்னும் நான்கு பூதங்கட்கும் நான்கு வண்ணநீர்க் குப்பிகளை நிறுத்தினார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 2003 முதல் காட்சிக்கு வைத்த படைப்பொன்று இதனினும் நம் பொருட்கு அணித்து. ஆண் ஒருவர், பெண் ஒருவர் வாழ்நாளில் உட்கொள்ளும் மாத்திரைகளை, ஒவ்வொருவர்க்கும் 14,000-க்கு மேலாக, வலைத்துணியிற் சிறுசிறு பைகளாகப் பின்னி நீளப் பரப்பியுள்ளனர். ‘தொட்டில் முதல் கல்லறை வரை’ என்பது அதன் பெயர். காண்பார் தம் உடலின் வரலாற்றையே அதிற் காண்பர். ஆயின் ஒரு மாத்திரையையும் எடுத்துண்ண இயலாது. பழனியிலோ காண்பாரும் உண்பாரும் ஒருவரே. ஆங்கு மருந்து சிற்பமாயிற்று. ஈங்குச் சிற்பம் மருந்தாயிற்று.

மருந்தாகிய பின் வாணிகமும் தொடர்ந்தது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. மலைவாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம் சேர்ந்த அதனைக் கோயில் நிர்வாகமே இயந்திரத்தால் ஆக்கிப் பெருமளவில் விற்கின்றது. டப்பாக்களில் வருவதில் பெரும்பகுதி திருமேனியைத் தீண்டாதது; ‘சாமி மேலே பட்டது’ என்னும் சொல் மட்டும் மாறவில்லை. இதனால் தீங்கில்லை, உருவத்தின் தேய்வு குறையுமேல் நன்மையே எனலாம். ஆயின் ‘நவபாஷாண மணி’ என்று விற்பனவற்றை நீரில் ஊறவைத்து அந்நீரைப் பருகுமாறு விளம்பரம் செய்வோர் திறம் வேறு. போகர் பெயரைக் கூறும் அவ்விளம்பரங்கள் கட்டு என்னும் சொல்லின் பொருளை அறியாதன. அம்மணியில் மெய்யாகவே பாதரசமும் ஆர்செனிக்கும் இருப்பின் அந்நீர் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். அவை இல்லையேல் விற்பது வெறுங்கல்.

பயின் என்பது அரக்கோ, மரப்பிசினோ, இவற்றொடு வேறு பொருளும் சேர்ந்த கலவையோ என்பது உரைகளால் மட்டும் முடிவாகாது. சாணைக்கல் செய்வோரிடம் வழங்கும் சொற்களைத் தொகுப்பின் இதற்கு விளக்கம் கிடைக்கலாம். முதுகலை மாணவர் எவரேனும் இதனை மேற்கொள்ளின், திண்டுக்கல் சமவெளி ஊர்களினின்று தொடங்குதல் தகும்.